நம்பிக்கை போனால் அவரும் போய்விடுவாரா?

உங்கள் கேள்வியை மூன்று முறை படித்தேன். கணவர் இறந்து ஏழு மாதம் ஆகிறது. இருபத்தாறு வருட மணவாழ்க்கை. அவர் நோயில் கிடந்த ஒன்றரை வருடமும் ஒரு நாள் தவறாமல் வேண்டிக்கொண்டீர்கள். இப்போது பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால் கோபம் வருகிறது. சில நாள் அதுவும் வராமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கிறது என்கிறீர்கள். "நான் நாத்திகராகிவிட்டேனா, அல்லது இது துக்கத்தில் ஒரு கட்டமா, கடந்து போய்விடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி வருகிறது: "கடவுள் இல்லையென்றால் இவரை இனி எங்கே போய்ப் பார்ப்பேன்?" நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதைத்தான் என்று எனக்குப் படுகிறது. நம்பிக்கை கையைவிட்டுப் போனால் அவரை இரண்டாவது முறையும் இழந்துவிடுவோமோ என்ற பயம். அதை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

நான் மனநல ஆலோசகர். பத்தொன்பது வருடமாக, தீராத நோயில் இருப்பவர்களின் குடும்பத்தாரோடும் துணையை இழந்தவர்களோடும்தான் பெரும்பாலும் வேலை செய்கிறேன். சமயம் கற்றவர் இல்லை. கடவுள் இருக்கிறாரா, இறந்தவர்கள் எங்கே போகிறார்கள் என்பதற்கு என் படிப்பில் விடை கிடையாது. இருப்பதுபோல் பேசினால் உங்களை ஏமாற்றுவதாகும். இந்த வேலைக்கு வந்த புதிதில் அப்படி ஒரு முறை பேசியிருக்கிறேன். மனைவியை இழந்த ஒருவரிடம், "அவர் இப்போது வலியில்லாத இடத்தில் இருக்கிறார்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "நீங்கள் பார்த்தீர்களா?" என்று கேட்டார். அதட்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். எனக்குப் பேச்சு வரவில்லை. அவருக்கு வேண்டியிருந்த ஒரே விஷயத்தை, கையில் இல்லாமலே கொடுக்கப் போனேன். அன்றிலிருந்து தெரிந்ததைத் தெரிந்தது என்றும், என் அனுபவத்தில் பட்டதை அவ்வளவுதான் என்றும் பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் "கட்டம்" என்ற சொல். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து கட்டங்களை எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் அவற்றை எழுதியது, சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளோடு பேசிய அனுபவத்தை வைத்து. துணையை இழந்தவர்களைக் கவனித்து எடுத்த வரிசை அல்ல அது. பிற்பாடுதான் துக்கத்துக்கும் அதைப் பொருத்திவிட்டார்கள். ஆகவே "நான் கோபத்திலேயே மாட்டிக்கொண்டேனா, ஏற்பு எப்போது வரும்?" என்று கணக்குப் பார்க்கத் தேவையில்லை. நான் பார்த்த துக்கம் எதுவும் படிப்படியாக ஏறியதில்லை. மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் சொன்னது எனக்கு இன்னும் பொருத்தமாகத் தெரிகிறது. இழந்தவர் பக்கம் மனம் ஒருமுறை சாய்கிறது. பிறகு மின் கட்டணம், வங்கி வேலை, தனியாகச் சமைப்பது என்று இருப்பவர்களின் உலகத்துப் பக்கம் சாய்கிறது. மறுபடி அங்கே போகிறது. ஒரே நாளில் பத்து முறை இப்படி நடக்கலாம். இந்த ஆட்டம்தான் இயல்பு என்றார்கள். நம்பிக்கையும் இதே ஆட்டத்தில்தான் ஆடும். செவ்வாய்க்கிழமை "யாரும் இல்லை" என்று தோன்றும், வியாழக்கிழமை உங்களை அறியாமல் "கடவுளே" என்று வாயில் வரும். இரண்டுமே பொய் இல்லை.

அடுத்து, "நம்பிக்கை போய்விட்டது" என்று என்னிடம் வந்து சொல்கிறவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைச் சொல்வதில்லை. உங்கள் கேள்வியிலேயே இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. சுவரைப் பார்ப்பதுபோல் இருக்கிறது என்றீர்களே, அதை உடனே கடவுளோடு கோத்துவிடாதீர்கள். பிடித்த பாட்டு இப்போது பிடிக்கிறதா? சாப்பாட்டில் ருசி தெரிகிறதா? மகள் சொல்லும் நல்ல செய்தி உள்ளே இறங்குகிறதா? இவை எல்லாமே மரத்துப்போயிருந்தால், பிரார்த்தனையும் மரத்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. துக்கத்தின் முதல் வருடத்தில் உணர்ச்சி மொத்தமும் இப்படி அடங்கிப்போவது சாதாரணம். மற்றதெல்லாம் மெல்ல உயிர் பெற்றபின்பும் பிரார்த்தனை மட்டும் வெறுமையாகவே இருந்தால், அது வேறு விஷயம். ஏழாவது மாதத்தில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எனக்குக் கடினம், உங்களுக்கும் கடினம். "நாத்திகராகிவிட்டேனா" என்பதற்கு இன்று தீர்ப்பு எழுத வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான். தள்ளிப்போடுவது கோழைத்தனம் ஆகாது.

கோபம் இதற்கு நேர் எதிரான ஒன்று. இல்லாதவர் மேல் யாரும் இவ்வளவு கோபப்படுவதில்லை. உங்கள் கோபத்தில் இன்னும் ஒரு முகவரி இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு "பாருங்கள், உள்ளுக்குள் நீங்கள் நம்பத்தான் செய்கிறீர்கள்" என்று உங்களை மடக்க வரவில்லை. அப்படி மடக்குகிறவர்களை எனக்குப் பிடிக்காது. கோபப்படுவதாலேயே ஒருவர் நம்பிக்கைக்கு வெளியே போய்விட்டார் என்று ஆகாது, அவ்வளவுதான். பைபிளில் வரும் யோபுவின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் நூல் நெடுக முறையிடுகிறார், வழக்காடுகிறார், பிறந்த நாளைச் சபிக்கிறார். நண்பர்கள் கடவுளுக்காக வாதாடி, "நீ ஏதோ தப்புச் செய்திருப்பாய்" என்கிறார்கள். கடைசி அதிகாரத்தில் கடவுள் கண்டிப்பது அந்த நண்பர்களை. தன்னைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபுதான் என்கிறார். நம் புறநானூற்றின் 194ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார் இன்னும் தூரம் போகிறார். ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மண முழவு. ஒருத்தி பூச்சூடுகிறாள், துணையைப் பிரிந்தவள் கண்ணில் நீர் நிற்காமல் வழிகிறது. இப்படி ஓர் உலகத்தைப் படைத்தவனை அவர் "பண்பிலாளன்" என்கிறார். இரண்டாயிரம் வருடப் பழமையான சொல் என்றே வைத்துக்கொள்ளலாம். அதை யாரும் அழித்துவிடவில்லை, தொகையில் வைத்துக் காப்பாற்றித் தந்திருக்கிறார்கள். நீங்கள் எந்த சமயத்தவர் என்று எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. எதுவாக இருந்தாலும், இந்தக் கோபத்தோடு நிற்கும் முதல் ஆள் நீங்கள் இல்லை.

உங்கள் பதிவில் என்னை உறுத்தியது இன்னொரு வரி. "நான் இன்னும் உருக்கமாக வேண்டியிருக்க வேண்டுமோ, என் பக்தியில்தான் குறையோ" என்று எழுதியிருந்தீர்கள். கோபமோ சந்தேகமோ எனக்கு அவ்வளவு கவலை தருவதில்லை, இது தருகிறது. கென்னத் பார்கமென்ட் என்ற உளவியலாளர், துன்பத்தில் மனிதர்கள் சமயத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பல வருடம் ஆராய்ந்தவர். சமயம் தாங்கும் விதமும் உண்டு, அதே சமயம் காயப்படுத்தும் விதமும் உண்டு என்று அவர் பிரித்துக் காட்டினார். காயப்படுத்தும் வகையில் முக்கியமான ஒன்று, "கடவுள் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார்" என்ற எண்ணம். என் அறையிலும் அதைத்தான் பார்க்கிறேன். "கடவுள் இல்லை" என்ற முடிவோடு வந்தவர்களில் பலர் தூங்குகிறார்கள். "கடவுள் இருக்கிறார், என்னால்தான் என் கணவர் செத்தார்" என்று நினைப்பவர்கள் தூங்குவதில்லை. உங்கள் கணவருக்கு இருந்தது ஒரு நோய். அது செல்களில் தொடங்கி, உறுப்புகளுக்குப் பரவி, மருந்துக்குக் கட்டுப்படாமல் போனது. உங்கள் உருக்கத்தின் அளவு அதில் எந்த இடத்திலும் வரவில்லை. உங்களைவிடக் குறைவாக வேண்டியவர்களின் கணவர்கள் பிழைத்திருக்கிறார்கள், அதிகமாக வேண்டியவர்களின் கணவர்கள் இறந்திருக்கிறார்கள். இரண்டு பக்கத்தையும் அதே வார்டில் நின்று பார்த்தவர் என்ற முறையில் சொல்கிறேன். வேண்டுதலைப் பற்றி உங்கள் சமயம் என்ன சொல்கிறது என்பது வேறு. அவர் இறந்ததற்கு நீங்கள் காரணம் இல்லை என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

சரி, "எங்கே போய்ப் பார்ப்பேன்" என்ற கேள்விக்கு வருகிறேன். மறுமையில் சந்திப்பீர்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவரோடு உங்களுக்கு இருக்கும் உறவு, அந்தக் கேள்விக்கு என்ன விடை என்பதைப் பொறுத்து மட்டும் நிற்பதில்லை. இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். துக்கம் என்பது இறந்தவரிடமிருந்து மனதை மெல்ல விடுவித்துக்கொள்ளும் வேலை என்று, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்ட் 1917இல் எழுதினார். வெகுகாலம் எங்கள் துறை அதையே பிடித்துக்கொண்டிருந்தது; "மறக்கப் பழகுங்கள்" என்று அறிவுரை சொன்னது. அதே ஃபிராய்ட் 1920இல் மகள் சோஃபியை இழந்தார். ஒன்பது வருடம் கழித்து, மகனை இழந்த ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், அந்த இடத்தை நிரப்ப வேறு எதுவும் கிடைக்காது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும், விட மனமில்லாத அன்பைத் தொடர அது ஒன்றே வழி என்ற பொருள்பட எழுதினார். 1996இல் கிளாஸ், சில்வர்மேன், நிக்மேன் என்ற மூவர் இதைத் துறைக்குள்ளேயே விரிவாக முன்வைத்தார்கள்: இறந்தவரோடு உள்ள பிணைப்பு அறுவதில்லை, வடிவம் மாறித் தொடர்கிறது, பெரும்பாலானவர்களுக்கு அது நோயும் இல்லை. ஒரு முடிவெடுக்கும்போது "அவர் இருந்தால் என்ன சொல்வார்" என்று நினைக்கிறீர்கள் இல்லையா, அது இந்தப் பிணைப்பு. அவர் கையெழுத்தைப் பார்த்ததும் நெஞ்சு அடைப்பதும் இதுதான். மறுமையை நம்புகிறவர்களுக்கும் இது இருக்கிறது. அறவே நம்பாதவர்களுக்கும் இதே அளவு ஆழமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இறந்த மனைவியிடம் தினமும் காலையில் பேசிய ஒருவர் என்னிடம், "அவளுக்குக் கேட்காது என்று தெரியும், அதற்காகப் பேசாமல் இருக்க முடியுமா?" என்றார். நான் அதைத் திருத்தப் போகவில்லை.

ஒரு விடியற்காலையில் பக்கத்து அறையில் அவர் இருமியது கேட்டதாகவும், பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். இல்லை. டெவி ரீஸ் என்ற குடும்ப மருத்துவர் வேல்ஸில் தன் பகுதியில் துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஏறக்குறைய பாதிப் பேர் இறந்த துணையை ஏதோ ஒரு விதத்தில் உணர்ந்ததாகச் சொன்னார்கள்: அருகில் இருப்பது போல, குரல் கேட்பது போல, சிலருக்கு உருவமே தெரிவது போல. பெரும்பாலோர் அதுவரை அதை ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. இது பரவலாக நடக்கிறது, தனியாகப் பார்த்தால் மனநோயின் அடையாளம் இல்லை என்பதுவரை உறுதியாகச் சொல்லலாம். அந்த இருமல் எங்கிருந்து வந்தது என்பதில் கருத்துகள் பிரியும். இருபத்தாறு வருடம் ஒரு சத்தத்துக்குப் பழகிய மூளை, அதை எதிர்பார்த்துத் தானே எழுப்பிக்கொள்கிறது என்பது என் படிப்பு தரும் விளக்கம். நீங்கள் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் இந்த ஏக்கத்தைத் தெரிந்துகொண்டு, "உங்கள் கணவரிடமிருந்து செய்தி வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்டு யாராவது வருவார்கள். அவர்களிடம் போகாதீர்கள். இந்த ஓர் இடத்தில் மட்டும் உத்தரவு போடும் தொனியில் பேசுவதற்கு மன்னிக்கவும். எத்தனை பேர் அங்கே சேமிப்பை இழந்தார்கள் என்பதைவிட, எத்தனை பேர் துக்கத்தையே இழுத்தடித்துக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

வீட்டாருக்கு முன்னால் நடிப்பதைப் பற்றி. மாமியாரோடு உட்கார்ந்து பிரார்த்தனை செய்யும்போது உதடு மட்டும் அசைகிறது, அது போலித்தனமாக உறுத்துகிறது என்கிறீர்கள். மகனை இழந்த அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காருவது அவருக்கான துணை. அதற்குப் பெயர் நடிப்பு இல்லை என்பது என் கருத்து. ஆனால் எல்லோரிடமும், எல்லா நேரமும் மறைத்தால் தாங்காது. ஒரே ஒருவரிடமாவது முழுசாகச் சொல்லுங்கள். யாரிடம் என்று தேர்ந்தெடுக்க நான் சொல்லும் வழி ஒன்றுதான்: உங்கள் பேச்சு முடிகிறவரை பதில் தேடாமல் கேட்கக்கூடியவரா என்று பாருங்கள். நம்பிக்கை உள்ளவரா இல்லாதவரா என்பது இரண்டாம் பட்சம். சமயப் பெரியவர்களில் அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். இருபது வருட அனுபவம் உள்ள ஆலோசகர்களில் அப்படி இல்லாதவர்களும் இருக்கிறார்கள். "கடவுளுக்குப் பிடித்தவர்களைச் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்வார்" என்று சொல்லும் உறவினருக்கு நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. "அவர் இங்கே இருக்கத்தான் எனக்குப் பிடித்திருந்தது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார் எனக்குத் தெரிந்த ஒரு பெண். அது போதுமானதாக இருந்தது.

பிரார்த்தனையைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதில் பொது விதி எதையும் என்னால் தர முடியாது. சமய நம்பிக்கை துக்கத்தைக் குறைக்கிறதா என்ற ஆய்வுகள் ஒரே பக்கமாகச் சாயவில்லை. உதவுகிறது என்று காட்டுபவற்றிலும், உதவியது நம்பிக்கையா, அதன் வழியாக வாரா வாரம் பார்க்கிற மனிதர்களா என்று பிரிப்பது கடினம். மனிதர்களோடு இருப்பது உதவுகிறது என்பதில் எனக்கு ஐயம் குறைவு. ஆகவே கூட்டத்துக்குப் போக முடிகிறதென்றால், நம்பிக்கை பாதியாக இருந்தாலும் போய் உட்கார்ந்துவிட்டு வரலாம். தனியாகச் செய்யும் பிரார்த்தனை குத்துகிறதென்றால் கொஞ்ச நாள் வைத்துவிடலாம். ஒன்றை வைத்துவிடுவதும் விட்டுவிடுவதும் ஒன்றல்ல. சமயம் மாறுவது, அமைப்புக்குப் பெரிய தொகை எழுதிக்கொடுப்பது, குடும்பத்தைக் கூட்டி "இனி நான் நம்பவில்லை" என்று அறிவிப்பது போன்ற திரும்பப் பெற முடியாத காரியங்களை மட்டும் ஒரு வருடமாவது தள்ளிப்போடுங்கள்.

கடைசியில் சிறியதாகச் சொல்லிவிட்டுப் போன ஒரு வாக்கியத்தை நான் சிறியதாக எடுத்துக்கொள்ளவில்லை: "அவரிடமே போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது." காலையில் கண் விழிக்காமலே இருந்தால் தேவலை என்று துணையை இழந்தவர்களுக்குத் தோன்றுவதுண்டு, அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். புறநானூற்றில் சேரமான் மாக்கோதை என்ற அரசன் மனைவியின் ஈமத்தீக்கு முன் நின்று, இந்த நோய் எவ்வளவு பெரிதானால் என்ன, என் உயிரைப் போக்கும் வலிமை அதற்கு இல்லையே, நான் இன்னும் வாழ்கிறேனே என்று பாடியது இதே இடத்திலிருந்துதான். ஆனால் எப்படிப் போவது என்று மனம் வழி பார்க்கத் தொடங்கியிருந்தால், மாத்திரைகளைச் சேர்த்து வைத்திருந்தால், இந்தப் பதிலைப் படிப்பதை நிறுத்திவிட்டு இன்றே ஒருவரை அழையுங்கள்: மருத்துவர், தற்கொலைத் தடுப்பு உதவி எண், பக்கத்து வீட்டுக்காரர், யாராக இருந்தாலும் சரி. அங்கே அவர் காத்திருக்கிறார் என்ற நம்பிக்கை ஆறுதலாகவும் இருக்கும், சிலரை இழுக்கவும் செய்யும். அதனால்தான் நேரடியாகக் கேட்கிறேன். இவ்வளவு தூரம் இல்லையென்றாலும், நாள் முழுக்க ஏக்கம் தணியாமல், அன்றாட வேலை எதுவும் ஓடாமல் மாதக்கணக்கில் நீண்டால் மருத்துவரிடம் போக வேண்டும். நீடித்த துக்கம் என்று தனியாக ஒரு நிலையை மருத்துவம் இப்போது ஏற்றிருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் வகைப்பாடு குறைந்தது ஆறு மாதம் என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2022ஆம் வருடத்துக் கையேடு பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்கிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்பதிலிருந்தே, நாள்காட்டியை மட்டும் பார்த்து முடிவுசெய்ய முடியாது என்று புரியும். நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள், மகளுக்குச் சமைக்கிறீர்கள், இவ்வளவு தெளிவாக எழுதுகிறீர்கள். எழுத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் எனக்கு அந்த நிலை தெரியவில்லை. நேரில் பார்க்காமல் அதற்கு மேல் சொல்வது சரியில்லை.

"கடந்து போகுமா?" என்று கேட்டீர்கள். துக்கத்தின் கூர்மை பெரும்பாலானவர்களுக்குக் குறைகிறது, அது உறுதி. நம்பிக்கை திரும்புமா என்பதில் என் அனுபவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்; உதவி தேடி வருகிறவர்களைத்தான் நான் பார்க்கிறேன், வராமலே சமாளித்தவர்களைப் பார்ப்பதில்லை. நான் பார்த்தவர்களில் சிலர் பழைய நம்பிக்கைக்கே திரும்பினார்கள். சிலர் அமைதியாக வெளியேறிவிட்டார்கள், நன்றாகவும் இருக்கிறார்கள். நிறையப் பேர் பழைய பேச்சு கொஞ்சமும் புதிய மௌனம் கொஞ்சமுமாக, பெயர் வைக்க முடியாத ஓர் இடத்தில் நின்றுகொண்டார்கள். கேட்டதைக் கொடுக்கிற கடவுளை அவர்களால் மறுபடி நம்ப முடியவில்லை. கூடவே அழுகிற ஒன்றை நம்ப முடிந்தது என்றார் ஒருவர். நீங்கள் இவர்களில் யாராக ஆவீர்கள் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. எப்படி ஆனாலும், அவரை நேசித்த இருபத்தாறு வருடம் நடந்ததுதான். அது எந்த விடைக்காகவும் காத்திருக்கவில்லை.

அவருடைய பிரார்த்தனைப் புத்தகம் மேசை இழுப்பறையில் கிடக்கிறது, எடுக்கவும் முடியவில்லை, யாருக்கும் கொடுக்கவும் முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கொடுக்க வேண்டாம். படிக்கவும் வேண்டாம். அவர் கை பட்டுப் பட்டு ஓரம் மடங்கிய புத்தகம் என்பதற்காக மட்டும் அது அங்கேயே இருக்கட்டும். என்றாவது இழுப்பறையைத் திறக்கும்போது, எந்தப் பக்கத்தில் அடையாளம் வைத்திருந்தார் என்று பார்க்கத் தோன்றினால் பாருங்கள்.